8 செ.மீ. எலும்பு போன காலை மீண்டும் ஊன்ற வைப்பது எப்படி?

விபத்தில் உங்கள் தம்பியின் கீழ்க்கால் எலும்பு நொறுங்கி, பிறகு சீழ் பிடித்து, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்ததில் 8 செ.மீ. இடைவெளி விழுந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவர் காலைச் சுற்றி உலோக வளையம் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் சிமெண்ட் வைத்து இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்கிறார். அந்த இடத்தை ஒரு உலோகக் கம்பியால் நிரப்பிவிட முடியாதா, இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வது சரி, இத்தனை பாடு படுவதைவிடக் காலை எடுத்துவிட்டுச் செயற்கைக்கால் பொருத்துவது மேல் என்று உறவினர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, எல்லாம் முடிந்த பிறகு அதே இடத்தில் எலும்பு மறுபடியும் உடையுமா என்பவை உங்கள் கேள்விகள். காலையும் எக்ஸ்ரேயையும் நேரில் பார்க்காமல் முறையைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. ஆனால் இத்தகைய கால்களோடு நெடுநாள் பணியாற்றிய எலும்பு அறுவை மருத்துவன் என்ற முறையில், அந்த இரண்டு மருத்துவர்களும் எதை எடை போட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்பதை என்னால் விளக்க முடியும்.

கீழ்க்காலில் இரண்டு எலும்புகள் உண்டு. முன்பக்கம் கையால் தடவினால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும் பெரிய எலும்பு டிபியா. வெளிப்பக்கத்தில் மெலிதாக ஓடுவது ஃபிபுலா. உடலின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது டிபியாதான். அதன் உட்பக்கச் சரிவின்மீது தசையே இல்லை, தோல் மட்டும்தான். அதனால்தான் சாலை விபத்தில் இந்த எலும்பு இவ்வளவு எளிதாகத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது, மண்ணும் அழுக்கும் உள்ளே போகின்றன, சீழும் பிடிக்கிறது. தொடை எலும்பைச் சுற்றித் தடித்த தசை இருப்பதால் அதற்கு இரத்த ஓட்டம் தாராளம். டிபியாவின் கீழ்ப்பகுதிக்கு அந்த வசதி இல்லை.

எலும்புக்குத் தானாகவே கூடும் சக்தி உண்டு என்றாலும் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. வளர்ந்த மனிதரின் டிபியாவில் முழுச் சுற்றளவும் போய் 2 முதல் 3 செ.மீ. வரை இடைவெளி விழுந்துவிட்டால், எவ்வளவு காலம் காத்திருந்தாலும் அது பெரும்பாலும் தானாக நிரம்பாது. நடுவில் நார்த்திசுதான் வளரும். 8 செ.மீ. என்பது அந்த எல்லையைக் கடந்து வெகுதூரம் போன நிலை.

உலோகக் கம்பியால் ஏன் நிரப்பக் கூடாது என்ற கேள்வி நியாயமானதே. பிளேட், ஸ்குரூ, எலும்புக்குள் செருகும் ராடு எல்லாமே எலும்பு கூடும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கச் செய்யப்பட்டவை. சாதாரணமாக நடமாடும் ஒருவரின் ஒவ்வொரு காலும் வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் முறை தரையை மிதிக்கிறது. எலும்பு கூடிவிட்டால் சுமை அதன் வழியே போய்விடும். கூடாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் உலோகமே வளைந்து நிமிர வேண்டும். ஒரு கம்பியைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் காலுக்குள் இருக்கும் ராடுக்கும் ஆகும். எலும்புப் புற்றுநோயில் மூட்டோடு சேர்த்து எடுத்த எலும்புக்குப் பதிலாகப் பெரிய உலோக மூட்டுகளை வைக்கிறோம் என்பது உண்மை. ஆனால் அங்கே அறுவை நடப்பது சீழ் இல்லாத உடலில். நடைபோடுவதற்கு விரைவாக ஒரு வழி வேண்டும் என்ற அவசரமும் அங்கே உண்டு. ஒருமுறை சீழ் பிடித்த டிபியாவின் நடுவில் அவ்வளவு பெரிய உலோகத்தை வைப்பது, கிருமி ஒட்டிக்கொள்ள நாமே பரப்பு அமைத்துக் கொடுப்பதற்குச் சமம். இறந்தவரிடமிருந்து பெற்றுப் பதப்படுத்திய எலும்பை வைப்பதற்கும் இதே தடைதான்: அது உயிரற்ற எலும்பு, அதற்குள் இரத்தநாளங்கள் ஊடுருவப் பல ஆண்டுகள் ஆகும், அதிலும் முழுமையாக ஊடுருவுவதில்லை.

முறைகளுக்குப் போகும் முன், மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயாளிகளும் உறவினர்களும் வளையமா சிமெண்டா என்பதிலேயே கவனம் வைக்கிறார்கள். நான் பார்த்தவரை, தோல்வியடைந்த கால்களில் பெரும்பாலானவை தோற்றது அதற்கு முந்திய கட்டத்தில், இறந்த எலும்பை முழுவதுமாக எடுக்காததால்தான். இரத்த ஓட்டம் நின்ற எலும்பில் குடியேறிய கிருமி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கிறது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. எத்தனை வாரம் ஊசி போட்டாலும் அந்தத் துண்டு வெளியே வரும்வரை சீழ் நிற்காது. அறுவை அரங்கில் உளியாலோ பர் என்ற சுழன்று அரைக்கும் கருவியாலோ எலும்பின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போவோம். இறந்த எலும்பு தந்தம்போல வெளுத்து, காய்ந்து, சீவச் சீவத் தூளாக உதிரும். உயிருள்ள இடம் வந்ததும் வெட்டுப் பரப்பில், மிளகாய்ப்பொடி தூவினாற்போல, சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பொடிக்கும். அந்தப் புள்ளிகள் சுற்றிலும் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. இடைவெளி 5 செ.மீ. ஆக இருந்தது 8 ஆகிவிடுமே என்று தயங்கி, வெளுத்த எலும்பை விட்டுவைத்த மருத்துவர் நோயாளிக்கு நன்மை செய்ததாக நினைத்திருப்பார். அந்த 3 செ.மீ.க்காகவே ஓராண்டு கழித்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க நேரும். ஆகவே 8 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டார்களே என்று வருந்த வேண்டாம். அது துணிந்து, சரியாகச் செய்யப்பட்ட வேலையாகவே இருக்கலாம்.

எலும்பைச் சுற்றியுள்ள தசையும் தோலும் அவ்வளவே முக்கியம். மேலே தோல் மூடாத காலில் எந்த முறையும் பலிக்காது. முழங்காலுக்குக் கீழ் மேல் மூன்றில் ஒரு பகுதியில் காயம் என்றால் கெண்டைக்கால் தசையைத் திருப்பி வைத்து மூடலாம். நடுப்பகுதிக்கு அதன் உள்ளே இருக்கும் சோலியஸ் தசை உதவும். கணுக்காலை ஒட்டிய பகுதிக்கு அருகில் தசையே இல்லாததால், பெரும்பாலும் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ இரத்தநாளத்தோடு சதையை எடுத்து வந்து, நுண்ணோக்கியின் கீழ் நாளங்களைத் தைத்து இணைக்க வேண்டியிருக்கும்.

இனி வளையம். சைபீரியாவின் மேற்கு ஓரத்திலுள்ள கூர்கன் என்ற ஊரில், 1950களின் தொடக்கத்திலிருந்து காவ்ரீல் இலிசரோவ் என்ற மருத்துவர் வளர்த்தெடுத்த முறை இது. மெல்லிய கம்பிகளை எலும்பின் குறுக்கே செலுத்தி, சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல முறுக்கி, காலைச் சுற்றி நிற்கும் உலோக வளையங்களோடு பிணைப்பார்கள். மேற்கு நாடுகள் அதைப் பல காலம் அறியவே இல்லை. கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேற்ற வீரர், ஆண்டுக்கணக்கில் கூடாமலிருந்த தன் கீழ்க்கால் எலும்போடு 1980இல் கூர்கனுக்குப் போய், குணமாகித் திரும்பி, தன்னைப் பார்த்து வியந்த இத்தாலிய மருத்துவர்களிடம் சொன்ன பிறகுதான், 1981இல் இலிசரோவ் இத்தாலிக்கு அழைக்கப்பட்டார்.

அவர் கண்டறிந்தது இதுதான்: எலும்பை, அதன் மேலுறையையும் இரத்த ஓட்டத்தையும் கெடுக்காமல் கவனமாக வெட்டி, சில நாள் பொறுத்து, மிக மெதுவாக இழுத்தால் அந்த இடைவெளியில் புது எலும்பு உருவாகும். உங்கள் தம்பியின் காலில் இதை எப்படிச் செய்வார்கள் என்றால், இடைவெளி விழுந்த இடத்தைத் தொடாமல், அதற்கு மேலோ கீழோ ஆரோக்கியமாக இருக்கும் டிபியாவில், பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பை வெட்டுவார்கள். அப்படிப் பிரிந்த துண்டை வளையத்தின் உதவியால் இடைவெளியின் பக்கமாக நகர்த்துவார்கள். துண்டு நகர நகர முன்னால் இருக்கும் இடைவெளி குறையும், பின்னால் அது விட்டுச் செல்லும் தடத்தில் புது எலும்பு வளரும். காலின் நீளம் மாறாது.

இழுக்கும் வேகம் நாளொன்றுக்கு 1 மி.மீ. நாய்களில் இலிசரோவ் செய்த சோதனைகளில், நாளுக்கு அரை மி.மீ. இழுத்தபோது எலும்பு இழுத்து முடிவதற்குள்ளேயே கூடிக்கொண்டது, 2 மி.மீ. இழுத்தபோது திசுக்கள் தாங்கவில்லை. அதையும் ஒரே தடவையில் இழுப்பதைவிடப் பல சிறு தவணைகளாக இழுப்பது நல்லது என்பதால் கால் மி.மீ. வீதம் நான்கு முறை. வளையங்களை இணைக்கும் தண்டின் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும்படி அமைந்திருக்கிறது, நட்டைக் கால் சுற்று திருப்பினால் கணக்கு முடிந்தது. இதை மருத்துவமனையில் யாரும் செய்வதில்லை, வீட்டில் நோயாளியோ நீங்களோதான் சின்ன ஸ்பேனரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நேரம் வைத்து, திருப்பிய ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது அவசியம். திசை மாறித் திருப்பிவிட்டு ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் கண்டுபிடித்ததும் உண்டு. நட்டின் ஒரு முகத்தில் நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். 8 செ.மீ. என்றால் 80 நாள் இழுப்பு. அதற்கு முன் 7 நாள் அளவுக்குக் காத்திருப்பு. ஆனால் அதோடு வளையம் கழன்றுவிடாது. புதிதாக வளர்ந்தது முதலில் எக்ஸ்ரேயில் புகை போலத் தெரியும், பிறகு நெடுக்குவாட்டுக் கோடுகளாக அடர்ந்து, கடைசியில்தான் ஓரங்களில் கெட்டியான சுவர் எழும். ஒரு செண்டிமீட்டருக்கு மொத்தமாக ஒன்று முதல் இரண்டு மாதம் வளையம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் தம்பி ஓராண்டுக்கு முன்னும் பின்னுமாக அதோடு வாழ வேண்டியிருக்கும். எலும்பை இரண்டு இடங்களில் வெட்டி இருபுறமிருந்தும் நகர்த்தினால் இழுக்கும் காலம் பாதியாகும்.

இந்த முறையின் பெரும் பலம், புது எலும்பு முழுக்க முழுக்க அவருடைய சொந்த, இரத்த ஓட்டமுள்ள எலும்பாக இருப்பதும், பல நேரங்களில் முதல் மாதங்களிலிருந்தே வளையத்தோடு காலை ஊன்றி நடக்க முடிவதும்தான். குறைகளும் சிறியவை அல்ல. கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களில் சீழ் வைப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு முறையாவது வரும். பெரும்பாலும் சுத்தம் செய்வதிலும் மாத்திரையிலும் அடங்கிவிடும். பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி இறுகிப்போவது அதைவிட மோசம். கால் எலும்பு நன்றாக வளர்ந்து, கணுக்கால் மடங்காமல் போன ஒருவர் வென்றவர் ஆகமாட்டார். பிசியோதெரபியை வளையம் போட்ட மறுநாளே தொடங்கச் சொல்வது சடங்குக்காக அல்ல. இன்னொன்று, நகர்ந்து வந்த துண்டு எதிர்முனையைத் தொட்ட பிறகும் அங்கே கூடாமல் அடம்பிடிப்பது அடிக்கடி நடக்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவே வடுத்திசு சிக்கிக்கொள்வதே காரணம். அதைத் திறந்து சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து வைக்கும் சிறு அறுவை தேவைப்படலாம் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அப்போது அதைத் தோல்வி என்று நினைத்துவிடுவீர்கள்.

சிமெண்ட் முறை பிரான்சில் மாஸ்கெலே என்ற மருத்துவர் 1980களில் தொடங்கியது. எலும்பைச் சுத்தம் செய்த பின், மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் போன் சிமெண்டை, பொதுவாகக் கிருமிக்கொல்லி மருந்து கலந்து, இடைவெளியில் ஒரு உருளையாக வைத்து, காலை வெளிச்சட்டத்தாலோ பிளேட்டாலோ ராடாலோ நிலைநிறுத்தி, மேலே நல்ல தோலால் மூடிவிடுவார்கள். உடல் அந்த அந்நியப் பொருளைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கும். இதில் வியப்பு என்னவென்றால், அது வெறும் வடு அல்ல, இரத்தநாளங்கள் நிறைந்தது, எலும்பு வளரத் தூண்டும் புரதங்களைச் சுரப்பது. 6 முதல் 8 வாரம் கழித்துச் சவ்வை ஒரு புத்தக அட்டையைத் திறப்பதுபோல நெடுக்குவாட்டில் திறந்து, சிமெண்டை உளியால் உடைத்து எடுத்து, அந்தப் பைக்குள் நோயாளியின் எலும்பைச் சிறு துண்டுகளாக நிரப்பித் தைத்துவிடுவார்கள். அப்படியே தோலுக்கடியில் வைத்தால் உடல் கரைத்துவிடக்கூடிய எலும்புத் துண்டுகளை அந்தச் சவ்வு காத்து நிற்கிறது.

இங்கே தடை எலும்பின் அளவு. 3 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. நீளமும் கொண்ட உருளையை நிரப்ப 55 மி.லி.க்கு மேல் எலும்புத் துருவல் வேண்டும். இடுப்பின் முன்பக்கம் ஒரு புறத்திலிருந்து கிடைப்பது சுமார் 20 முதல் 30 மி.லி. ஆகவே இரண்டு புறமும் எடுக்க வேண்டும், அல்லது தொடை எலும்பின் உட்குழிவைக் குடைந்து உறிஞ்சும் கருவியால் சேகரிக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து பதப்படுத்திய எலும்பைக் கொஞ்சம் கலக்க வேண்டும். அதிகம் கலந்தால் பலன் குறையும். மற்றபடி, இடைவெளியின் நீளத்துக்கு நேர் விகிதமாக மாதங்கள் கூடுவது வளையத்தைப்போல இங்கே இல்லை. வெளிக்கம்பிகள் இல்லாமல் முடிக்கவும் பல நேரம் இயலும். ஆனால் பல மாதங்கள் காலை முழுமையாக ஊன்றக் கூடாது. இரண்டாம் அறுவைக்குத் திறக்கும்போது சீழ் தென்பட்டால், எலும்பை வைக்காமல், மறுபடி சுத்தம் செய்து புதிய சிமெண்டோடு மூடிவிட வேண்டும். அப்படி மூடிவிட்டு வரும் மருத்துவர்மீது கோபப்படாதீர்கள்.

மூன்றாவது வழி ஒன்றை உங்கள் மருத்துவர்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். அடுத்த காலின் ஃபிபுலாவை அதன் தமனி, சிரையோடு எடுத்து வந்து, இடைவெளியில் வைத்து, நாளங்களை நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் முறை. 1975இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதன்முதலாக வெளியிட்டார்கள். கணுக்கால் ஆடாமலிருக்கக் கீழே 6 முதல் 8 செ.மீ. விட்டுவிட்டு, 20 செ.மீ.க்கு மேலும் எடுக்க முடியும். உயிரோடு வரும் எலும்பு என்பதால் சீழ் பிடித்த வரலாறுள்ள இடத்திலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒல்லியான ஃபிபுலா டிபியாவின் தடிமனுக்குப் பெருக்க ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும், அதற்குள் விரிசல் விழும் வாய்ப்பு உண்டு. அடிபட்ட காலில் இணைப்பதற்கு நல்ல தமனி மிஞ்சியிருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். 8 செ.மீ.க்கு இதை நான் முதலில் எடுக்கமாட்டேன், 15 செ.மீ. என்றால் எண்ணம் மாறும்.

வளையமா சிமெண்டா என்பதற்கு என் விடை இது. கால் ஏற்கெனவே குட்டையாகவோ கோணலாகவோ இருந்தால், சீழ் முழுமையாக அடங்கியதா என்ற ஐயம் நீடித்தால், அவர் ஊன்றி நடந்தே ஆக வேண்டிய நிலையில் இருந்தால் வளையம். தோல் நன்றாக மூடி, சீழ் அடங்கி, நீளம் சரியாக இருந்து, இடுப்பிலிருந்தும் தொடையிலிருந்தும் போதிய எலும்பு எடுக்க முடியும் என்றால் சிமெண்ட். இந்த எல்லைகளுக்கு நடுவில் இருக்கும் கால்களில், அந்த மருத்துவர் எதை அதிகம் செய்து பழகியவரோ அதுவே நல்லது. அவரிடம் நேராகக் கேளுங்கள்: இத்தகைய கால்களை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், கூடாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள். இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வைத்திருப்பவரை நம்பலாம். தம்பி புகைப்பவர் என்றால், எந்த முறையாக இருந்தாலும் நிறுத்தியே ஆக வேண்டும்; நிகோட்டின் இரத்தநாளத்தைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரை நோய் இருந்தால் அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

காலை எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் இரக்கமற்றவர்கள் அல்ல. அமெரிக்காவில் கடுமையான கீழ்க்கால் காயங்களைப் பின்தொடர்ந்த லீப் என்ற பெரிய ஆய்வு 2002இல் வெளியிட்ட முடிவில், காலைக் காப்பாற்றியவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் இரண்டாண்டு முடிவில் அன்றாட இயக்கத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. காலைக் காப்பாற்றியவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது அதிகம். குடும்பத்தின் துணையும், தன்னால் மீள முடியும் என்ற நம்பிக்கையும் இரு தரப்பிலும் விளைவைப் பாதித்தன. ஆகவே பாதத்தின் அடியில் உணர்ச்சி திரும்பவே போவதில்லை, கணுக்கால் சிதைந்துவிட்டது, இரத்த ஓட்டம் அற்பம், ஓராண்டு வேலையின்றி இருக்க வழியில்லை என்பவை சேர்ந்திருந்தால், முழங்காலுக்குக் கீழே எடுத்துச் செயற்கைக்கால் பொருத்துவதை நானே பரிந்துரைப்பேன். பாதம் சூடாக இருக்கிறது, விரல் அசைகிறது, தொட்டால் தெரிகிறது என்றால் 8 செ.மீ. இடைவெளி மட்டும் காலை எடுக்கக் காரணமாகாது. முடிவு தம்பியுடையது, உறவினர்கள் கூடிப் பேசும்போது அவரும் அந்த அறையில் இருக்கட்டும்.

மீண்டும் உடையுமா என்றால், உடையலாம், அதிலும் வளையத்தைக் கழற்றிய முதல் சில மாதங்களில். அதனால்தான் கழற்றுவதற்கு முன் தண்டுகளின் நட்டுகளைத் தளர்த்தி, சுமை முழுவதையும் எலும்புக்கு விட்டு, இரண்டு மூன்று வாரம் நடக்கச் சொல்வோம். வலிக்காமல், எக்ஸ்ரேயில் கோணம் மாறாமல், நான்கு ஓரங்களில் மூன்றிலாவது கெட்டியான சுவர் தெரிந்தால் கழற்றுவோம். கழற்றிய பிறகும் சில வாரம் பிரேஸும் ஊன்றுகோலும் இருக்கும். சிமெண்ட் முறையில் உள்ளே வைத்த பிளேட்டையோ ராடையோ தொந்தரவு இல்லாதவரை எடுக்க அவசரப்பட மாட்டோம். ஆறு மாதத்துக்குப் பிறகு திடீரென்று அந்த இடம் சிவந்து சூடேறினாலோ, ஆறிய வடுவில் நீர் கசிந்தாலோ, மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாமல் அதே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கிருமி எது என்று தெரிந்துகொள்ளும் முன்பே மாத்திரை விழுங்கிவிட்டால் பரிசோதனையில் அது அகப்படாமல் போகும்.